வசந்தகால மஸ்கி: புதிதாகத் தூண்டில் எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏரிகளில் ஐஸ் உடையத் தொடங்கினால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி மஸ்கியைப் பற்றித்தான். கேட்பவர்கள் பெரும்பாலும் ஸ்காபுறோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கத்து ஆட்கள். பேர்ச், பாஸ் எல்லாம் பிடித்துப் பழகியவர்கள். பெரிய மீன் ஒன்றைத் தொட்டுப் பார்க்க ஆசை. ஒரே சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி வருவதால் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைப் போட்டு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கனடாவின் ஒன்ராறியோவை, அதிலும் ரொறன்ரோவுக்கு வடகிழக்கே உள்ள கவார்த்தா ஏரிகளை மனதில் வைத்து எழுதியவை இவை.

அண்ணை, மஸ்கி எண்டா என்ன மீன்? பைக்கும் அதுவும் ஒண்டுதானே?

இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வேறு வேறு மீன்கள். முழுப்பெயர் மஸ்கலஞ்ச். வட அமெரிக்காவின் நன்னீரில் மட்டும்தான் இருக்கிறது. ஊரில் சீலா மீன் பார்த்தவர்களுக்கு உருவம் உடனே பிடிபடும்: நீண்ட உடல், தட்டையான மூஞ்சி, வாய் நிறையப் பல். பெண் மீன்தான் பெரிதாக வளரும். முப்பது வயது வரை வாழக்கூடியது.

பைக்கின் உடல் கருமை, அதன் மேல் வெளிர் புள்ளிகள். மஸ்கிக்கு இது தலைகீழ்: வெளிர் உடலில் கரும் புள்ளிகளோ கோடுகளோ இருக்கும், சிலவற்றில் ஒன்றுமே இராது. வால் நுனி பைக்கிற்கு உருண்டை, மஸ்கிக்குக் கூர். சந்தேகம் தீராவிட்டால் கீழ்த்தாடையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சிறு துளைகள் வரிசையாக இருக்கும். ஒரு பக்கத்துக்கு ஐந்து அல்லது அதற்குக் குறைவு என்றால் பைக். ஆறு முதல் ஒன்பது என்றால் மஸ்கி. இந்த அடையாளம் வெறும் பொது அறிவுக்கு இல்லை. இரண்டு மீனுக்கும் சட்டம் வேறு என்பதால், பைக் என்று நினைத்து மஸ்கியை வாளியில் போட்டால் அபராதம் உங்களுக்குத்தான்.

மே மாசமே வெயில் எறிக்குது, ஏரியும் தெளிஞ்சிட்டுது. இப்பவே போகலாமோ?

போகக்கூடாது. கவார்த்தா ஏரிகள் அடங்கிய 17ஆம் மீன்பிடி வலயத்தில் மஸ்கி காலம் ஜூன் முதல் சனிக்கிழமை திறந்து டிசம்பர் 15இல் மூடுகிறது. சென்ட் லோரன்ஸ் நதியும் ஒன்ராறியோ ஏரியும் சேர்ந்த 20ஆம் வலயத்தில் ஜூன் மூன்றாம் சனிக்கிழமை வரை பொறுக்க வேண்டும். “பிடித்துவிட்டு விட்டுவிடுவேன்தானே” என்ற சமாதானம் செல்லாது. மூடிய காலத்தில் ஒரு மீனைக் குறிவைத்துத் தூண்டில் போடுவதே குற்றம்.

காரணம் நியாயமானது. தண்ணீர் ஏறக்குறைய 9 முதல் 15 பாகை செல்சியஸுக்கு வரும்போது மஸ்கி முட்டையிடும். இங்கே அது ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை. ஒரு மீற்றர் ஆழம்கூட இல்லாத, செடி முளைத்த குடாக்களுக்குள் வந்து முட்டையைத் தூவிவிட்டுப் போகும், காவல் இருக்காது. அந்த நேரத்தில் ஒரு பெண் மீனை இழுத்துக் களைக்க வைத்தால் ஒரு வருடத்து முட்டை வீணாகலாம். ஆக, நமக்கு “வசந்தகால மஸ்கி” என்றால் ஜூன் மாதத்து முதல் இரண்டு மூன்று கிழமைகள்தான். வலய எல்லைகளும் திகதிகளும் மாறலாம். மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் மீன்பிடி ஒழுங்குவிதிச் சுருக்கத்தை வீட்டை விட்டுக் கிளம்புமுன் ஒருமுறை பாருங்கள்.

தம்பி, லைசன்ஸ் ரெண்டு வகை சொல்லுறாங்கள். எனக்கு எது?

18 முதல் 64 வயது வரையான கனடாவாசிக்கு அவுட்டோர்ஸ் கார்ட் என்ற மாகாண அட்டையும் மீன்பிடி அனுமதியும் வேண்டும். 65 ஆகிவிட்டால் வயதைக் காட்டும் அரச அடையாள அட்டை போதும். அனுமதியில் ஸ்போர்ட், கொன்சர்வேஷன் என்று இரண்டு. கொன்சர்வேஷன் விலை குறைவு, ஆனால் அதில் ஒரு மஸ்கியையும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஸ்போர்ட்டில் ஒன்று வைக்கலாம், அதுவும் கவார்த்தாவில் 112 செ.மீ. தாண்டியிருந்தால்தான்.

எப்படியும் விடத்தானே போகிறீர்கள், கொன்சர்வேஷன் போதும் என்பது என் கருத்து. இயந்திரப் படகு ஓட்டுவதாக இருந்தால் படகோட்டி அட்டை தனியாக எடுக்க வேண்டும். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி கட்டாயம். ஜூன் தொடக்கத்திலும் தண்ணீர் குளிர்தான். படகில் வைத்திருந்தால் காணாது, போட்டுக்கொள்ளுங்கள்.

ரொறன்ரோவில இருந்து கிட்ட எந்த ஏரி நல்லது?

தொடங்குகிறவருக்கு ஸ்கூகொக் ஏரி. போர்ட் பெரிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டம். ஏரி ஆழமற்றது, செடி நிறைய. அதைத் தாண்டிப் போனால் பிஜன், பக்ஹோர்ன், ஷெமோங், பீற்றர்பரோவுக்குத் தெற்கே றைஸ் லேக். இவை எல்லாம் டிரென்ட்-செவர்ன் நீர்வழியோடு தொடுத்த ஏரிகள்.

இவற்றின் சிறப்பு எண்ணிக்கை. ஜோர்ஜியன் பே, சென்ட் லோரன்ஸ் போன்ற பெருநீர்களில் இராட்சத மீன்கள் உண்டு, ஆனால் பரந்த தண்ணீரில் ஒன்று இரண்டைத் தேடி அலைய வேண்டும். கவார்த்தாவில் மீன் கொஞ்சம் சிறிது, ஆனால் நெருக்கமாக இருக்கும். பழகும் காலத்தில் மீனைக் கண்ணால் காண்பதே பெரிய ஊக்கம், ஆதலால் எண்ணிக்கை உள்ள இடத்துக்கே போங்கள்.

என்னட்ட பாஸ் றொட் இருக்கு. அது காணாதோ?

காணாது. மீன் வராது என்பதற்காகச் சொல்லவில்லை. வரும், ஆனால் அரை மணி நேரம் இழுபட்டு, உயிர் போகும் களைப்போடு வரும். முட்டையிட்டு ஓய்ந்த மீனுக்கு அது ஆகாது. தடித்த சாமான் கேட்பது மீனைச் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவந்து சீக்கிரம் விடுவதற்காக.

எட்டு, எட்டரை அடி நீளமான ஹெவி றொட் (தடித்த தூண்டில் கோல்) ஒன்று, வலுவான பெயிட்காஸ்ரிங் ரீல் ஒன்று, 65 முதல் 80 இறாத்தல் தாங்கும் பிரெய்ட் நூல். நூலுக்கும் இரைக்கும் நடுவே லீடர் கட்டாயம்: ஒன்றில் கம்பி, அல்லது 80 இறாத்தலுக்கு மேற்பட்ட ஃபுளோரோகார்பன். சாதாரணத் தங்கூசியை மஸ்கியின் பல் ஒரே கடியில் அறுக்கும்; அறுந்த இரை வாயில் குத்தியபடி மீன் போய்விடும்.

ஆனால் இவற்றுக்கு முன் வாங்க வேண்டியவை வேறு: ரப்பர் பூசிய பெரிய கைவலை, நீண்ட மூக்குக் குறடு, தூண்டில் முள்ளை வெட்டும் குறடு. கடைக்காரர் இவற்றைக் கடைசியாகத்தான் காட்டுவார். காசு போதாவிட்டால் றொட்டில் குறையுங்கள், வலையில் குறைக்காதீர்கள். இந்த மூன்றும் கையில் இல்லாதவரை நான் என் படகில் ஏற்றுவதில்லை. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

கடையில ஒரு அடி நீளத்தில லூர் தொங்குது. அதைத்தான் வாங்கவேணுமோ?

இலையுதிர் காலத்துக்கு வாங்குங்கள், இப்போது வேண்டாம். ஜூன் தொடக்கத்தில் மீன் இன்னும் சோர்ந்திருக்கும், தண்ணீரும் முழுதாகச் சூடேறியிராது, ஏரியில் உள்ள இரைமீன்களும் சிறியவை. ஐந்து முதல் ஏழு அங்குலப் பொய் இரை (லூர்) போதும். 1988இல் ஜோர்ஜியன் பேயில் கென் ஓ’பிரையன் பிடித்த 65 இறாத்தல் மஸ்கிதான் ஒன்ராறியோவின் சாதனை மீன். அது ஒக்ரோபரில், பெரிய இரை வீசும் காலத்தில், நாலு அங்குல லூர் ஒன்றில் கொழுவியது.

மூன்று வகை போதும். ஐந்தாம் நம்பர் தகடு சுழலும், மயிர்க்குஞ்சம் கட்டிய சிறிய பக்டெயில் ஒன்று, செடிக்குள் மாட்டாமல் வரும் ஸ்பின்னர்பெயிட் ஒன்று, இழுத்து நிறுத்தி இழுக்கக்கூடிய சிறிய ஜேர்க்பெயிட் ஒன்று. நிறம் பற்றி மணிக்கணக்கில் வாதாடுவார்கள். தேநீர் நிறத் தண்ணீரில் கறுப்பு, தெளிந்த தண்ணீரில் பேர்ச் மீன் நிறம் என்று எடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். மூன்று முனை முள்களின் எதிர்முனைகளை (முள் கழறாமல் தடுக்கும் சிறு கொக்கிகளை) வாங்கிய அன்றே குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனுக்கும் நல்லது, உங்கள் விரலுக்கும் நல்லது.

ஏரி முழுக்கத் தண்ணியாக் கிடக்கு. எங்க எறியிறது?

மீன் முட்டையிட்ட இடத்திலிருந்து தொடங்கி யோசியுங்கள். மே மாதம் அது ஆழமற்ற குடாவுக்குள் இருந்தது. ஜூனில் அங்கிருந்து ஆழத்தை நோக்கி வருகிறது, ஆனால் அவசரமில்லை. ஆண் மீன்கள் குடாவிலேயே கொஞ்ச நாள் சுற்றும். பெரிய பெண் மீன்கள் முதலில் வெளியேறிக் குடாவின் வாயிலில், அருகிலுள்ள முனைகளில், முதலாவது செடி விளிம்பில் ஓய்வெடுக்கும். ஆகவே, ஏரியின் வரைபடத்தில் ஒரு குடாவைத் தேர்ந்து, உள்ளிருந்து வெளியே வரும் பாதையை விரலால் கோடிட்டுப் பாருங்கள். அந்தக் கோட்டில் ஒன்று முதல் மூன்று மீற்றர் ஆழத்தில் பச்சைச் செடி எங்கே இருக்கிறதோ அங்கே எறியுங்கள்.

செடியில் பச்சைக்கும் பழுப்புக்கும் பெரிய வேறுபாடு உண்டு. போன வருடத்துச் செடி பழுப்பாக, அழுகிக் கிடக்கும். அங்கே இரைமீன் நிற்காது. புதிதாக முளைத்து இன்னும் மேற்பரப்பை எட்டாத அகல இலைச் செடி கிடைத்தால் விடாதீர்கள். கொழுவி வரும் செடியைக் கழற்றி எறியுமுன் அதன் நிறத்தைப் பாருங்கள், ஏரி உங்களுக்குத் தகவல் சொல்கிறது.

அடுத்தது சூடு. ஏரியின் வடக்குக் கரைக் குடாக்கள் வெயிலை நன்றாக வாங்கும், வடகாற்றும் அங்கே படாது. அடி கறுத்த சேறாக இருந்தால் இன்னும் வேகமாகச் சூடேறும். இரண்டு நாள் ஒரே திசையில் காற்றடித்தால் மேற்பரப்பின் சூட்டுத் தண்ணீர் எதிர்க்கரையில் ஒதுங்கும், அதன் பின்னால் சிறுமீனும் ஒதுங்கும். மலிவான வெப்பமானி ஒன்று வைத்திருங்கள். பக்கத்துக் குடாவைவிட ஒன்று இரண்டு பாகை கூடிய குடா என்றால் அங்கேயே நில்லுங்கள்.

விடியக்காலமையோ பின்னேரமோ நல்லது?

கோடையில் விடியலும் அந்தியும். இந்தப் பருவத்தில் பிற்பகல், மேலே சொன்ன அதே சூட்டுக் கணக்குத்தான். முதல் நாள் இரவு குளிர்ந்திருந்தால் காலை பத்து மணி வரை நித்திரை கொள்ளுங்கள், நட்டமில்லை. இரண்டு மூன்று நாள் வெயிலுக்குப் பிறகு மேகம் மூடி மழை வரப்பார்க்கும் பின்னேரம் கிடைத்தால் வேலைக்கு லீவு சொல்லலாம்.

ப்ரோ, மீன் லூருக்குப் பின்னாடியே வருது, படகுகிட்ட வந்ததும் திரும்பிப் போயிடுது. என்ன பண்றது?

மஸ்கியின் குணமே அது. இரையைப் படகு வரை தொடர்ந்து வந்து பார்த்துவிட்டுப் போகும். அதற்காகத்தான் எட்டு வரைதல் என்ற பழக்கம் இருக்கிறது. இரைக்கும் கோல் நுனிக்கும் நடுவே ஒரு அடி நூல் மட்டும் இருக்கும்போது கோல் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, 8 என்ற இலக்கம் போலப் பெரிதாகச் சுற்றுங்கள். வளைவு அகலமாக இருக்க வேண்டும். மீற்றருக்கு மேல் நீளமான மீனுக்குச் சடக்கென்று திரும்ப முடியாது. மீனைக் கண்டால் இழுப்பை நிறுத்த வேண்டாம், நிறுத்தினால் அது போய்விடும். வளைவில் கொஞ்சம் வேகம் கூட்டுங்கள். மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் இதைச் செய்யுங்கள். உங்களுக்குத் தெரியாத மீன் கீழே நிற்கும். போலரைஸ்ட் கண்ணாடி போட்டால் பாதி மீன் கூடுதலாகக் கண்ணில் படும்.

இந்தப் பருவத்தில் பாதி மனதோடு வருவதுதான் அதிகம். வீச்சு முழுவதும் மெதுவாகவே இழுங்கள். ஜேர்க்பெயிட் என்றால் ஒரு தட்டு, இரண்டு மூன்று விநாடி நிறுத்தம், மறுபடி ஒரு தட்டு. திரும்பிப் போன மீன் வீட்டை மாற்றிக்கொண்டு போவதில்லை. இடத்தைக் குறித்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்து, சூடு ஏறிய பிறகு, வேறு இரையோடு வாருங்கள். பலருடைய முதல் மீன் இப்படித் திரும்பிப் போய்ப் பிடித்ததுதான்.

எங்களிட்ட போட் இல்லை. கரையில நிண்டு பிடிக்கலாமோ?

முடியும். மீன் கரைக்குக் கிட்ட இருக்கும் பருவம் இதுதான் என்பதால் மற்ற மாதங்களைவிட இப்போது நல்ல வாய்ப்பு. நகரப் பூங்காக்களின் இறங்குதுறைகள், குடாவின் வாயிலைப் பார்த்த முனைகள் நல்லவை. நீர்வழியின் பூட்டுகள் (படகுகளை ஏற்றி இறக்கும் மதகுகள்), பாலங்கள் அருகே தடை உண்டு, அறிவிப்புப் பலகையைப் படியுங்கள்.

கரையில் உள்ள சிக்கல் மீனை விடுவது. மீனைக் கல்லிலும் புல்லிலும் இழுத்துப் போட்டால் அதன் வழுவழுப்பு உரிந்துவிடும், அதுதான் நோய்க்கு எதிரான அதன் தோல். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, மீனை வலைக்குள்ளேயே வைத்து வேலையை முடிக்கக்கூடிய இடத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். இரண்டு பேராகப் போங்கள். வீட்டுக்கு வந்து உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள், கரையோரப் புல்லில் லைம் நோய் பரப்பும் உண்ணிகள் இருக்கின்றன.

கொழுவிட்டுது எண்டு வையுங்கோ. பிறகு என்ன செய்யிறது? பல்லைப் பாக்கவே பயமாக் கிடக்கு.

பயம் நல்லது. மீன் கடித்ததும் கோலைப் பக்கவாட்டில் பலமாக இழுத்து முள்ளைப் பதியுங்கள், நூலைத் தளர விடாதீர்கள். சாமான் தடித்தது என்பதால் சில நிமிடங்களில் படகருகே வந்துவிடும். தலை முதலில் வரும்படி வலைக்குள் விடுங்கள். வலையைத் தூக்கக்கூடாது. விளிம்பு படகோடு, பை தண்ணீருக்குள். மீன் அங்கே மூச்சு விட்டுக்கொண்டு நிற்கட்டும். இப்போது எல்லோரும் ஒரு நிமிடம் அமைதியாகலாம். வலையைத் தூக்கிப் படகுக்குள் கொட்டுவதிலிருந்துதான் விபத்துகள் தொடங்குகின்றன: துள்ளும் மீன், மூன்று முனை முள், யாரோ ஒருவரின் கை.

மீன் தண்ணீரில் இருக்கும்போதே நீண்ட குறட்டால் முள்ளைத் திருப்பிக் கழற்றுங்கள். ஒரு தடவை, இரண்டு தடவை முயன்றும் வராவிட்டால் முள்ளை வெட்டுங்கள். வெட்டிய முள் சில டொலர். புது முள் கடையில் கிடைக்கும்.

படம் எடுக்காமல் எப்பிடி அண்ணை?

எடுங்கள், ஆனால் கமெராக்காரர் தயாரான பிறகு மீனைத் தூக்குங்கள். கையை நனைத்துக்கொண்டு, செவுள் மூடியின் உட்பக்கமாக நான்கு விரலை நுழைத்துத் தாடைப் பக்கம் கொண்டுபோய்ப் பிடியுங்கள். உள்ளே இருக்கும் சிவந்த செவுளில் விரல் படக்கூடாது. மறு கை வயிற்றின் கீழ். மீன் கிடையாக இருக்க வேண்டும். தாடையில் தொங்கவிட்டால் முழுப் பாரமும் முதுகெலும்பில் விழும். உங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு தூக்குங்கள், உங்களுக்கு மூச்சு முட்டினால் மீனுக்கும் முட்டுகிறது. நீளத்தைத் தண்ணீரிலேயே மிதக்கும் அளவுகோலால் அளக்கலாம். நிறுக்கத் தேவையில்லை.

இவ்வளவு பெரிய மீன், ஒரு குழம்பு வைச்சாப் பிழையோ?

இந்தக் கேள்வி வராத வருடமில்லை. ஸ்போர்ட் அனுமதியும் 112 செ.மீ. தாண்டிய மீனும் இருந்தால் கவார்த்தாவில் சட்டம் தடுக்காது. ஆனால் அந்த நீளம் வளரப் பத்து வருடத்துக்கு மேல் எடுக்கும். வாழ்நாள் முழுக்க மற்ற மீனைத் தின்ற மீன் என்பதால் பாதரசமும் உடலில் சேர்ந்திருக்கும். எந்த ஏரியில் எந்த அளவு மீனை மாதத்துக்கு எத்தனை முறை சாப்பிடலாம் என்று மாகாண அரசே பட்டியல் வெளியிடுகிறது. கர்ப்பிணிகளும் சிறுவர்களும் உள்ள வீடு என்றால் அதைக் கட்டாயம் பாருங்கள். குழம்புக்குப் பேர்ச் எவ்வளவோ மேல். முள்ளும் குறைவு, ருசியும் கூட.

மே மாசம் பிக்கரலுக்குப் போன இடத்தில மஸ்கி கொழுவினா நான் குற்றவாளியோ?

வோல்ஐ, அதாவது நம்மவர்கள் சொல்லும் பிக்கரல், 17ஆம் வலயத்தில் பெரும்பாலான ஏரிகளில் மே இரண்டாம் சனிக்கிழமை திறக்கிறது. அதற்காகச் சின்ன ஜிக் (ஈயத்தலை வைத்த முள்) போட்டு நிற்கும்போது மஸ்கி கொழுவினால் அது தற்செயல். உடனே விட்டால் பிரச்சினை இல்லை. படம், அளவு ஒன்றும் வேண்டாம்; மீனைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே விடுங்கள். ஆனால் எட்டடிக் கோலும் பக்டெயிலும் வைத்துக்கொண்டு “பிக்கரலுக்கு வந்தேன்” என்றால் அதிகாரி சிரிப்பார், பிறகு எழுதுவார். ஜூன் முதல் இரண்டு கிழமையில் இதே கதை பாஸுக்கும் பொருந்தும். கவார்த்தாவில் பாஸ் காலம் ஜூன் மூன்றாம் சனிக்கிழமைதான் திறக்கும்.

விட்ட மீன் மல்லாந்து மிதக்குது. செத்துப்போச்சோ?

பெரும்பாலும் இல்லை, களைத்திருக்கிறது. வாலின் அடிப்பகுதியைப் பிடித்து, முதுகு மேலே இருக்கும்படி நேராக வைத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னுமாக ஆட்டச் சொல்பவர்கள் உண்டு. பின்னோக்கி இழுக்கும்போது செவுளுக்குள் தண்ணீர் தப்பான பக்கமாகப் போகும், ஆகவே ஆட்டாமல் பிடித்திருந்தாலே போதும். பத்து நிமிடமோ அரை மணியோ ஆகலாம். கையை உதறிக்கொண்டு தானாகப் போகும் வரை விடாதீர்கள். அதன் பிறகும் கொஞ்ச நேரம் அந்த இடத்திலேயே நின்று பாருங்கள். திரும்ப மேலே வந்தால் படகு ஒன்று மோதிவிடும்.

ஜூலை நடுவில் தண்ணீர் 27 பாகையை எட்டினால் எவ்வளவு கவனமாக விட்டாலும் மீன் பிழைக்காமல் போகலாம். அந்த நாட்களில் மஸ்கிக்குப் போகாதீர்கள்.

பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன் எண்டு சொல்லுறாங்கள். உண்மையோ?

பழைய பேச்சு அது. கவார்த்தாவில் ஜூனில் அவ்வளவு மோசமில்லை, ஆனால் ஒன்றும் காணாமல் திரும்பும் நாட்கள்தான் அதிகம் என்பதை ஏற்றுக்கொண்டு வாருங்கள். 1978 முதல் இயங்கும் மஸ்கீஸ் கனடா என்ற அமைப்பில் சேர்ந்தால் அனுபவசாலிகளோடு படகில் போகும் சந்தர்ப்பம் கிடைக்கும். ஒரு நாள் கூலிக்கு வழிகாட்டி பிடிப்பதும் நல்ல செலவுதான், அதுவும் மீனைக் கையாளப் பழகுவதற்கு.

ஜூன் வரைக்கும் பொறுக்க ஏலாது. அமெரிக்காவில முந்தியே பிடிக்கலாமாமே?

சில மாநிலங்களில் பிடிக்கலாம். மினசோட்டாவும் ஜூன் முதல் சனிக்கிழமைதான். விஸ்கொன்சினில் தெற்கே மே தொடக்கத்திலும் வடக்கே மே கடைசியிலும் திறக்கும். கென்ரக்கியின் கேவ் ரன் ஏரியில் காலக்கெடுவே இல்லை. அங்கே மார்ச், ஏப்ரலில் உண்மையான வசந்தகால மஸ்கி வேட்டை நடக்கிறது. ஆனால் அங்கே மீன் முட்டையிடுவதும் அதே மாதங்களில். சட்டம் விட்டாலும் குடாவின் உள்மூலையில் ஜோடியாக நிற்கும் மீனை விட்டுவிட்டு வாயிலில் வீசுங்கள். அந்தந்த மாநில அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே எடுக்கலாம். ஒன்ராறியோ அட்டை எல்லைக்கு அப்பால் செல்லாது.